அசையாத அம்மா

"இண்டைக்கு வாங்கித் தரமாட்டன் எண்டாத் தரமாட்டன்!"

சுபோதினி சொல்லி முடிக்கவில்லை, நாலு வயதுச் சாரங்கன் விளையாட்டுச் சாமான் கடையின் நடுவில் மல்லாக்க விழுந்துவிட்டான். உதைத்த உதையில் ஒரு செருப்பு பறந்துபோய்ப் பந்துக் கூடைக்குள் விழுந்தது. அவன் போட்ட சத்தம் வெள்ளவத்தைச் சந்தைவரை கேட்டிருக்கும்.

"எனக்கு அந்த ராக்கெட் வேணும்! அந்த நீல பட்மின்டன் ராக்கெட்!"

காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் கண்ணாடிக்கூடாக எட்டிப் பார்த்தார்கள். ஒரு சிங்களப் பெண்மணி உள்ளேயே வந்து, "அனே பவ்!" என்று சாரங்கனுக்காகப் பரிதாபப்பட்டாள். தாய்க்காகப் பரிதாபப்பட அங்கே ஒருவரும் இல்லை.

வேறு நாளென்றால் சுபோதினி இந்த இடத்தில் பணிந்திருப்பாள். மானம் போகிறதே என்று கேட்டதை வாங்கிக் கொடுத்து, வாயை அடைத்து, தரதரவென்று இழுத்துப் போயிருப்பாள். ஆனால் காலையில்தான் பம்பலப்பிட்டியில் பிள்ளைகளின் மனநல டொக்டர் அருந்ததியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"சில பிள்ளையள் பிறக்கேக்கையே மூக்கு நுனியிலை கோவத்தோட பிறக்குதுகள். அது பாதிதான்," என்றார் டொக்டர். "மிச்சப் பாதி நீங்கள். அழுதாக் கிடைக்கும் எண்டு பழக்கினது ஆர்?"

"இவன்ரை தமக்கை ஆரபியையும் நான்தானே வளக்கிறன் டொக்டர்? அவளுக்கு ஒருக்கா வேண்டாம் எண்டாக் காணும், பிறகு வாயே திறக்கமாட்டாள். இவன் அழுது வாங்கின சாமானைத் திரும்பியும் பாக்கமாட்டான். வீணாப் போகப்படாது எண்டு அவள்தான் எடுத்து விளையாடுவாள். தங்கமான பிள்ளை."

"அப்ப, தம்பி அழேக்கை ஒரே ஒருக்கா அசையாமல் நில்லுங்கோ. அடிக்க வேண்டாம், ஏச வேண்டாம். இப்ப விட்டுக் குடுத்தா, பள்ளிக்கூடம் போற வயசிலை அவனைப் பிடிக்கேலாது."

அந்தப் பயம்தான் சுபோதினியை இப்போது கடைக்குள் தூண்மாதிரி நிறுத்தியிருந்தது. சாரங்கன் உருண்டு உருண்டு கல்லாப்பெட்டியடிக்கே போய்விட்டான்.

கடைக்காரர் புவாத்துக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, புள்ளக்கி மூச்சு அடச்சிடும் போல இரிக்கி. குடுத்திடுங்களேன்."

"வேண்டாம் புவாத் நானா. டொக்டர் சொன்னவ."

"டொக்டர்ட கடையில இல்லையே அவன் உருளுறது!"

அதுவரை ஒதுங்கி நின்ற ஒன்பது வயது ஆரபி வந்து தாயின் கையை மெல்லப் பிடித்தாள். "அம்மா, எல்லாரும் பாக்கினம். வாங்கிக் குடுங்கோவன். பாவம் தம்பி."

சுபோதினிக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்ததில் ஒன்று சூறாவளி, மற்றது இப்படியொரு பூ! இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீ அங்காலை போய் நில்லு பிள்ளை. இவனை நான் பாத்துக்கொள்ளுறன்."

ஆரபி சொன்ன சொல் கேட்டு, ராக்கெட்டுகள் தொங்கிய பக்கமாகப் போய் நின்றாள். சாரங்கன் தமக்கையை ஒருதரம் பார்த்தான், பிறகு சுருதியைக் கூட்டினான். சிங்களப் பெண்மணி காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சுபோதினியின் கண் கலங்கியது, முகம் எரிந்தது. ஆனால் அவள் அசையவில்லை.

மெல்ல மெல்லச் சத்தம் இறங்கியது. அலறல் விம்மலாகி, விம்மல் விக்கலாகி, கடைசியில் அதுவும் நின்றது. சாரங்கன் எழுந்து, களிசானைத் தட்டிவிட்டு, புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

சுபோதினிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வென்றுவிட்டாள்! இனி இவன் திருந்திவிடுவான். அப்படியே மண்டியிட்டு, மகனைக் கட்டிப்பிடிக்க இரண்டு கைகளையும் விரித்தாள்.

அவன் அவளைக் கடந்து நேரே ஆரபியிடம் போனான்.

"அக்கா, தொண்டை நோகுது. இன்னும் அழவேணுமோ?"