ஏழரை மணித்தியாலம் முன்னதாக

"யானைக்கு முக்கால் மணித்தியாலம்," என்று கனகசுந்தரம் தாளைப் பார்த்து வாசித்தார். "டயருக்கு அரை மணித்தியாலம். குடிவரவுக்கு ரெண்டு. எதிர்பாராத காரணங்களுக்கு ஒண்டு."

வான்காரர் பஸ்லான் கிண்ணியாவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இருபது வருசமாக ஓடுகிறவர். "சேர், இந்த நேரத்தில தம்பலகாமத்து யானை றோட்டுக்கு வாறதில்ல."

"வராட்டி அந்த முக்கால் மணித்தியாலத்தையும் எயார்போட்டில இருந்து கழிப்பம்."

விமானம் இரவு எட்டு மணிக்கு. இப்போது காலை ஆறு. ஆடிமாதக் கச்சான் காற்று அன்புவழிபுரத்து ஒழுங்கையில் சூடாக வீசத் தொடங்கியிருந்தது. கனகசுந்தரம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, துறைமுகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்த காலத்து நிமிர்வோடு நடு ஒழுங்கையில் நின்றார்.

மூன்று மணித்தியாலம் முன்னதாக வந்தால் போதும் என்று விமானக் கம்பனிப் பெண் சொன்னதை, அவர் மனைவி புஸ்பராணி தன் காதாலேயே கேட்டிருந்தாள். "அது அவையள் தங்கட வசதிக்குச் சொல்ற கணக்கு," என்று அவர் தள்ளிவிட்டார். மெல்போர்னில் மகள் பிரியதர்சினிக்குத் தலைப்பிரசவம், டொக்டர் சொன்னது இந்தக் கிழமை. இந்த விமானத்தை விட்டால் அடுத்த இருக்கை பத்து நாள் கழித்துத்தான்.

பலகாரப் பெட்டியைத் தூக்கக் குசினிக்குள் போன பஸ்லான் சிரித்துவிட்டார். டின்களில் எல்லாம் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. சீனி. உப்பு. தேயிலை. காஸ் அடுப்புக்கு மேலே: 'முதல் நெருப்புக்குச்சி, பிறகு திருகவும்.'

"என்ன அன்ரி, கடை போடப் போறீங்களா?"

"வீட்டில ஒராள் நிக்கப் போகுது தம்பி. சீனிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்."

"அப்பிடி ஒராள வச்சு என்ன செய்யிற? வேற ஆள் கிடைக்கல்லயா?"

"பழைய ஆள். இனி மாத்த ஏலாது." புஸ்பராணி உப்பு டின்னின் மூடியை இன்னொருமுறை இறுக்கினாள்.

வெளியே கனகசுந்தரம் முன்வீட்டு ஸைனுலாப்தீனுக்குத் தாளை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

"நான் ரெண்டு தரம் ஹஜ்ஜுக்குப் போனனான் அண்ணே," என்றார் ஸைனுலாப்தீன். "நாலு மணித்தியாலம் முன்னுக்குப் போனதுக்கே கொட்டாவி விட்டு வாய் நொந்து போச்சு."

"நீங்கள் கூட்டத்தோட போனீங்கள். தனியப் போற ஆளுக்கு ஆர் பொறுப்பு? நான் கட்டுநாயக்காவுக்குப் பதினாலு தரம் போயிருக்கிறன். எனக்கா சொல்லித் தாறீங்கள்?"

ஸைனுலாப்தீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பதினாலுக்கு முன்னால் இரண்டு எம்மாத்திரம் என்பதுபோல் ஒதுங்கி நின்றார்.

வாசிகசாலைத் தலைவர் சோமசேகரம் சைக்கிளில் வந்து இறங்கி, கோட்டுக்கு மேலே ஒரு செவ்வரத்தை மாலையைப் போட்டார். கடல் கடந்தும் அன்புவழிபுரத்தின் புகழ் பரவவேண்டும் என்று நாலு வார்த்தை பேசினார். ரியூசனுக்குப் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

கனகசுந்தரம் தலையைத் தாழ்த்தி மாலையை ஏற்றுக்கொண்டார். "அங்க இப்ப நல்ல குளிர்," என்று மட்டும் சொன்னார். புஸ்பராணி எப்போதோ வானுக்குள் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

தம்பலகாமத்தில் யானை வரவில்லை. டயரும் காற்றுப் போகவில்லை. ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டக் கேட்ட பஸ்லானுக்கு, தாளில் தேத்தண்ணி இல்லை என்று பதில் வந்தது.

குருநாகல் தாண்டும்வரை கனகசுந்தரம் பாடம் நடத்தினார். முதல் வாசலில் என்ன காட்டுவது, எந்த வரிசை கெதியாக நகரும், சப்பாத்தை எங்கே கழற்றுவது. எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தார். புஸ்பராணி கேட்டபடியே போனைப் பார்த்தாள். மருமகன் பிரகலாதன் அனுப்பியிருந்தான்: 'இன்னும் வலி வரேல்லை மாமி.'

பன்னிரண்டரைக்கு விமான நிலையம். வாசல் காவலாளி டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், கோட்டையும் வாடிப்போன மாலையையும் பார்த்தான்.

"இரவு எட்டுக்கா?" என்று அரைத் தமிழில் கேட்டான். "கவுண்டர் நாலு மணிக்குத்தான் திறக்கும்."

"பொறுப்புள்ள ஆக்கள் இப்பிடித்தான் வருவினம் தம்பி."

"சரி, உள்ள கதிரை இருக்கு. இருக்கலாம்." காவலாளி நகர்ந்து வழிவிட்டான்.

புஸ்பராணி பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுத் தள்ளுவண்டியோடு உள்ளே போனாள். பதினாலு தரம் வந்த கனகசுந்தரம் இரும்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பின்னால் வரிசை நீண்டது.

"சேர், ஆக்கள் நிக்கிறாங்க," என்றார் பஸ்லான். "உங்கட பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காட்டிட்டு உள்ள போங்களேன்."

கனகசுந்தரம் நேரத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். அதில் இதற்கு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

கண்ணாடிக் கதவடியில் புஸ்பராணி வண்டியை நிற்பாட்டித் திரும்பினாள்.

"அவர்தான் தம்பி, வீட்டில நிக்கப்போற ஆள்."