எஃப் இரண்டு

உரும்பிராய்க் கணினி வகுப்பில் இருந்தது ஒரே ஒரு கணினி. அன்று காலை அதன் விசைப்பலகையின் மேல்வரிசை எஃப் விசைகள் எல்லாம் செத்துப்போயின. எழுத்து விசைகள் மட்டும் வேலை செய்தன. மாணவர் பட்டியலைத் திறப்பதும் அதன் பக்கத்தைப் புரட்டுவதும் எஃப் இரண்டுதான்.

பத்து மணிக்கு லண்டன்காரர் அருளம்பலம் வகுப்பைப் பார்க்க வருகிறார். பிடித்தால் இன்னும் நான்கு கணினிகள் தருவார். பிடிக்காவிட்டால் வகுப்பை மூட வேண்டியதுதான். ஆசிரியை பவளராணி அவசரமாக ஒரு நிரல் எழுதினாள். அவள் ஓர் எழுத்தைத் தட்டினால், பத்தாவது விநாடியில் எஃப் இரண்டை யாரோ அழுத்தியதாக அது கணினியை நம்பவைக்கும்.

வந்தவர் கதிரையில் அமர்ந்தார். "என்ன செய்யவேணும், பிள்ளை?"

தூசு துடைப்பதுபோல் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அவள் மனதுக்குள் எண்ணினாள். ஏழு, எட்டு. "இப்ப எஃப் இரண்டை அமத்துங்கோ, ஐயா."

அவருடைய விரல் இறங்கியது. திரையில் மாணவர் பட்டியல் விரிந்தது.

"இன்னொருக்காப் பாப்பம்."

மறுபடியும் தட்டினாள், எண்ணினாள். "இப்ப அமத்துங்கோ."

அடுத்த பக்கம் வந்தது. அவர் எழுந்தார்.

"இதை எழுதினது ஆர்?"

"எதை, ஐயா?"

"முதல்தரம் என்ரை விரல் பட முந்தியே பட்டியல் வந்திட்டுது. அதுதான் ரண்டாந்தரம் நான் அமத்தேல்லை. விரலை மேலை பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

அவள் தலை குனிந்தாள். "நான்தான் எழுதினனான். விசை பழுது, ஐயா."

"ஒரு காலைக்குள்ளை இப்பிடி எழுதிற ஆளுக்கு நாலு காணாது, பிள்ளை. ஆறாய் அனுப்பிறன்."