இரண்டு பக்கம் பல் இல்லாத ஸ்டாம்ப்

"உன் மாமனார்கிட்ட சொல்லும்மா, இது போலின்னு. மேலேயும் கீழேயும் யாரோ கத்தரியால வெட்டியிருக்காங்க."

கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவரும் மருமகளைத்தான் பார்த்தார்.

"உன் அத்தைகிட்ட சொல்லு, இது அசல்னு."

"மாமா, அத்தை சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சு இல்ல?"

"நீ சொன்னாத்தான் எனக்குக் கேக்கும்."

மருமகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பழைய அமெரிக்க ஸ்டாம்புகளில் அரிய ரகம் எது, போலி எது என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது அந்த வீட்டு முன்னறையில் நடக்கும் தொழில். மாமனாரும் மாமியாரும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இருவர் முடிவும் ஒன்றானால்தான் கையெழுத்து. இல்லாவிட்டால் ஒத்துப்போகும்வரை உட்கார்ந்து பேசியாக வேண்டும். ஸ்டாம்ப் யாருடையது என்பது மருமகளுக்கு மட்டும் தெரியும், அவள் அதைச் சொல்லக்கூடாது.

நேற்று வந்த ஒரு சேகரிப்பாளர் மாமியாரின் கண்ணைப் புகழ்ந்து தள்ளிவிட்டார். மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "அவ ஒப்புக்குச் சப்பாணிங்க, முடிவு என்னுதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அதோடு வீட்டில் பேச்சு நின்றது. இன்று காலை மாமியார் பெட்டி கட்டிவிட்டார். சாயங்கால ரயிலில் தங்கை வீட்டுக்குப் போகிறாராம். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.

"இந்த ஒண்ணை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க அத்தை" என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் மருமகள் அவரை மேஜைக்குக் கூட்டி வந்திருந்தாள்.

வாஷிங்டன் தலை போட்ட சிவப்பு இரண்டு சென்ட் ஸ்டாம்ப். இடமும் வலமும் பல் இருந்தது. மேலும் கீழும் மொழுக்கென்று நேராக இருந்தது. மெஷினில் போட்டு விற்பதற்காகச் சுருளாக வந்த ரகம் என்றால் அதற்கு அடிதடியே நடக்கும். நாலு பக்கமும் பல் இருந்த சாதாரண ஸ்டாம்பை எவனோ நறுக்கியிருந்தால் அது வெறும் குப்பை.

"சுருள்ல வந்தா இப்படித்தான் இருக்கும்னு சொல்லு."

"அந்தச் சுருளை வளைஞ்ச தகட்டுல அச்சடிச்சாங்க, அதனால படம் கொஞ்சம் அகலமா விழும்னு அவருக்கு ஞாபகப்படுத்தும்மா. இது அரிச்சுவடி."

"பேப்பர் சுருங்கியிருக்கும்னு சொல்லு."

மாமியார் சட்டென்று திரும்பினார். "பேப்பர் சுருங்கினா பல்லும் சேர்ந்துதானே நெருங்கணும்?"

நேராகவே கேட்டுவிட்டார். மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்லு நெருங்காது" என்றார் மாமனார்.

"எந்த ஊர்ல?"

"ஈரம் பட்டா சில பேப்பர்..."

"என்ன உளர்றீங்க? இப்படி நகருங்க."

மருமகள் சத்தமில்லாமல் தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மாமியார், ஓரமெல்லாம் நறுக்கிப் படம் மட்டும் மிஞ்சிய ஒரு சாதாரண சிவப்பு ஸ்டாம்பை இடுக்கியால் எடுத்து அதன்மேல் வைத்தார்.

"மேல இருக்கிறது சாதாரணம். கீழ இருக்கிறது சுருள் ரகமா இருந்தா, அதோட படம் பக்கத்துல எட்டிப் பார்க்கணும். பார்க்குதா?"

"லென்ஸ் அழுக்கா இருக்கு."

"துடைங்க."

துடைத்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி குனிந்தார்.

"பார்க்குதா, இல்லையா?"

"இல்லை."

"மேல் ஓரமும் கீழ் ஓரமும்?"

"கொஞ்சம் கோணல்தான்."

"அப்போ?"

மாமனார் லென்ஸைக் கீழே வைத்தார். "போலிதான். எனக்குத் தப்பினது உனக்குத் தப்பலை. நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எதிர் நாற்காலியில நீ இல்லாட்டி எனக்கு இங்க என்ன வேலை? போகாதேம்மா."

மாமியார் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாமனார் அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "கெட்டிக்காரிதான் நீ. ஒப்பிட்டுப் பார்க்க நாம சேர்த்து வெச்சிருக்கிற போலி டப்பாவுலேருந்துதானே இதை எடுத்தே?"

மருமகள் திருதிருவென்று விழித்தாள். "உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"போன வருஷம் நான் பிடிச்ச போலியாச்சே, எனக்குத் தெரியாதா? உன் அத்தைகிட்ட மூச்சு விட்டுடாதே. ஜெயிச்ச சந்தோஷத்துல இருக்கா."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். மாமியார் துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த ஸ்டாம்பை மறக்காம டப்பாவுலயே போட்டுடும்மா" என்றார் திரும்பாமலே.

"அத்தை, உங்களுக்குமா தெரியும்?"

"அதைப் பிடிச்சதே நான்தானே. என்கிட்ட தோத்துப் போறதுக்கு அந்த மனுஷன் அவ்வளவு பாடுபட்டாரே, அதைப் பார்த்ததுக்கு அப்புறம் எப்படிம்மா பெட்டியைத் தூக்கறது?"