ஒரே ஒரு முடி

ஒப்பனை அறைக் கண்ணாடியைச் சுற்றி பல்புகள் எரிகின்றன. கருப்பு வெள்ளைப் படங்களின் நாயகி கண்மூடி உட்கார்ந்திருக்கிறாள். இடுப்பைத் தாண்டும் அவள் கூந்தலை, சிகையலங்காரக்காரி வழக்கம்போல நூறு தடவை சீவுகிறாள். விஷக் காய்ச்சலுக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டும் முடியை, நாயகி பார்த்துவிடாதபடி தினமும் மடியில் ஒளித்துக்கொள்பவள் இவள்தான். "தொண்ணூத்தொம்பது... நூறு." சீப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். வெளியே யாரோ "ஷாட் ரெடி" என்று கத்துவது அவள் காதில் விழவில்லை. "அம்மா, இங்க பாருங்க, இன்னிக்கு ஒரே ஒரு முடிதாம்மா!" நாயகி மெல்லக் கண் திறக்கிறாள். "அப்பாடா! நீங்க நிம்மதியா ஒளிச்சு வைக்கட்டும்னுதானேக்கா இத்தனை நாளா கண்ண மூடிக்கிட்டே உக்காந்திருந்தேன்."