தனபாலனின் எட்டாயிரம் அடிகள்

மூன்றாவது மிளகாய் பஜ்ஜியைத் தனபாலன் கடித்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஓடிவந்தார்கள்.

"தனபாலன் நீங்கதானுங்களே? படுங்க சீக்கிரம்! உங்க கைப்பட்டையிலிருந்து மாரடைப்புன்னு தகவல். அதுல பதிஞ்சிருக்கற இந்த வீட்டு விலாசந்தான் குடுத்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு ஒண்ணுமில்லீங்க. குத்துக்கல்லாட்டம் இருக்கறேன்."

"அப்ப பட்டை எங்கீங்க?"

அவர் தன் வெறுங்கையைப் பார்த்தார். கடித்த பஜ்ஜியைத் தட்டில் போட்டார். தினமும் எட்டாயிரம் அடி நடந்ததாகக் கைப்பட்டை காட்டாவிட்டால் எந்தக் கடையிலும் எண்ணெய்ப் பலகாரம் தரமாட்டார்கள். அதனால் ஆறு மாதமாக, தன் மில் வேலை முடிந்து வந்ததும் அவருடைய பட்டையைக் கட்டிக்கொண்டு அவருக்காக நடப்பவள் மனைவி கோகிலா.

"அது... என் சம்சாரம் கையிலீங்க. நடக்கப் போயிருக்கறா."

"எந்தப் பக்கமுங்க? சொல்லுங்க, சீக்கிரம்!"

தனபாலன் வாசலுக்கு ஓடித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஆறு மாதத்தில் ஒருநாள்கூட அவர் அதைக் கேட்டதில்லை.