கிரீஸ் கை

"அங்கேயே நில்லுங்க! அந்தக் கிரீஸ் கையோட பாப்பா பக்கத்துல போனீங்க, அப்புறம் நடக்கறதே வேற!"

வாசற்படியிலேயே பிரேக் போட்டு நின்றான் மெக்கானிக். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீடு திரும்பும் கணவனுக்குக் கொஞ்ச நாளாக அந்த வீட்டில் கிடைக்கும் வரவேற்பு இதுதான்.

"மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான்மா வர்றேன்."

"கழுவினா ஆச்சா? நகத்துக்குள்ள பாருங்க, அரை லிட்டர் ஆயில் தேறும்."

ஐந்து வயது மகள் அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். அம்மா நடுவில் மதில் மாதிரி நின்றாள்.

விஷயம் வேறொன்றுமில்லை. பத்து நாளைக்கு முன்னால் கிளினிக்கில் பாப்பாவுக்குக் காது குத்தினார்கள். இடது காது சமத்தாக ஆறிவிட்டது. வலது காதுதான் சிவந்து, வீங்கி, வம்பு பண்ணிக்கொண்டிருந்தது.

காது குத்திய நர்ஸ் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னாள். "கொதிச்சு ஆறின தண்ணியில உப்புப் போட்டுக் காலையும் சாயங்காலமும் துடைங்க. மத்த நேரம் யாரும் கை வைக்கக் கூடாது. கம்மலைத் திருகக் கூடாது, நீங்களாக் கழற்றவும் கூடாது."

அம்மா அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் தாள் எழுதி ஒட்டினாள். தலையணை உறை தினம் ஒன்று மாற்றினாள். 'பேஸ்ட் தடவினா பட்டுனு கேக்கும்' என்று வந்த பக்கத்து வீட்டுக்காரியை, 'முதல்ல உங்க காதுல தடவிப் பார்த்துட்டு வாங்க' என்று வாசலோடு அனுப்பினாள். மாமனார் ஸ்பிரிட் பாட்டிலோடு வந்தார். பாட்டில் பறிமுதல்.

இத்தனை பந்தோபஸ்துக்கும் காது ஆறவில்லை என்றால் குற்றவாளி வீட்டுக்குள்ளேதானே இருக்க வேண்டும்? கறுப்புக் கையோடு ஒருத்தன் தினம் வந்து போகிற வீட்டில் துப்பறிய போலீஸ் நாயா வேண்டும்?

தீர்ப்பு வந்துவிட்டது. அப்பா பாப்பாவைத் தூக்கக் கூடாது. மடியில் வைத்துக் கொஞ்சக் கூடாது. வண்டியில் ஸ்கூலுக்குக் கூட்டிப்போகவும் கூடாது.

அன்று ராத்திரி மெக்கானிக், பாப்பா படுத்திருந்த அறையின் வாசலில் நின்றபடியே கதை சொன்னான்.

"கேக்கலைப்பா. சிங்கம் என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலடா கண்ணு. வீட்ல பெரிய சிங்கம் இருக்குன்னு தெரிஞ்சதும் வாயை மூடிக்கிச்சு."

"என்ன அங்க முணுமுணுப்பு?" என்று சமையலறையிலிருந்து பெரிய சிங்கம் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் பாப்பாவை மடியில் இருத்திக்கொண்டு, அம்மா தன் அக்காவுக்கு போன் போட்டாள்.

"நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான்க்கா பார்த்துக்கறேன். நான் குளிக்கப் போற நேரமாப் பார்த்து இவர் தொட்டுடறாரு போல. இவருக்குப் புள்ளைன்னா நட்டு போல்ட்டுன்னு நெனப்பு..."

"அம்மா, வலிக்குது."

"கேட்டியாக்கா? காலையில அந்த மனுஷன் தொட்டது, இப்பத்தான் வேலையைக் காட்டுது!"

விடிந்து பார்த்தால் காது பணியாரமாக வீங்கியிருந்தது. கம்மலின் பின்பக்கத் திருகாணி பாதி கண்ணுக்கே தெரியவில்லை. அம்மா, ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பியவனையும் இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள்.

நர்ஸ் காதைத் துடைத்து, திருகாணியை மெதுவாகத் தளர்த்தி, மருந்து போட்டாள். பாப்பா அழுது ஓய்ந்து அம்மா மடியில் சாய்ந்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆணி சதைக்குள்ள போயிருக்கும். கீறித்தான் எடுத்திருக்கணும். காய்ச்சல் வந்தா உடனே கூட்டிட்டு வாங்க" என்றாள் நர்ஸ். "ஆனா, இது தானா வந்த வீக்கம் இல்ல. யாரோ கம்மலை உருட்டி உருட்டி ஆணியை இறுக்கியிருக்காங்க. யாரு அது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அம்மா இத்தனை நாளாகக் காத்திருந்தாள்.

"அப்படிக் கேளுங்க சிஸ்டர்! ஏங்க, கையைக் காட்டுங்க. நல்லா விரிச்சுக் காட்டுங்க. பார்த்தீங்களா சிஸ்டர்? இந்தக் கையை வெச்சுக்கிட்டு..."

மெக்கானிக் இரண்டு கையையும் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நீட்டினான். தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"நான் தொட்ட ஞாபகம் இல்ல சிஸ்டர். தெரியாமப் பட்டிருந்தாலும் பட்டிருக்கும். பாப்பாவுக்கு ஆறுற வரைக்கும் வேணும்னா நான் ஒர்க்‌ஷாப்லயே படுத்துக்கறேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்! நீங்களே கண்டிஷனாச் சொல்லிடுங்க சிஸ்டர், இவர் ஒரு மாசத்துக்கு வீட்டுப் பக்கமே வரக் கூடாதுன்னு. நான் சொன்னா எங்க கேக்கறாரு? ஒரு புள்ளைய எப்படித் தொடணும், எங்க தொடக் கூடாதுன்னு தெரிய வேணாம்?"

"அப்பா வேணும்" என்று பாப்பா உதட்டைப் பிதுக்கினாள்.

நர்ஸ் மெக்கானிக்கின் கையைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை அம்மாவின் மடியிலேயே இருந்தது.

"அவர் வீட்டுக்கே வரட்டும்மா. நீங்க பேச ஆரம்பிச்சதிலேருந்து உருட்டிக்கிட்டே இருக்கீங்களே, முதல்ல அந்தக் கம்மல்லேருந்து உங்க விரலை எடுங்க!"