மாதங்கியின் முழங்கால்

ஈஸ்ட் ஹாம் சாப்பாட்டுக்கடையின் ஆவி படிந்த கண்ணாடியினூடே மார்கழிக் காலை வெயில் மங்கலாக மேசையில் விழுகிறது. மெல்போனில் வளர்ந்து லண்டனுக்கு வேலைக்கு வந்த நண்பர்கள் துஷ்யாவும் நிரோஜனும் ஒரு மடிக்கணினியின்மேல் குனிந்திருக்கிறார்கள். நாளை மறுநாள் ஆஸ்திரேலிய உதைபந்துக் கழகங்கள் பதினெட்டு வயதுப் பெண்களைத் தெரிவு செய்யப்போகின்றன. யார் முன்னால், யார் பின்னால் என்று நிரோஜன் இணையத்தில் போடும் பட்டியலைக் கழகக்காரரும் வாசிப்பதுண்டு. ‘இவளுக்கு ஓட்டம் காணாது’, ‘இவளுக்கு இடக்கால் வராது’ என்று தோசையைப் பிய்த்தபடி ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்துப் பார்க்கிறார்கள். பட்டியலில் பத்தாம் இடத்தில் துஷ்யாவின் சித்தி மகள் மாதங்கி திரையில் சிரிக்கிறாள். “இவளை விடக் கூடாது,” என்கிறான் நிரோஜன். மற்றவருக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்ற ருசியில் துஷ்யாவின் வாய் முந்திவிடுகிறது. “முழங்காலிலை நோவு இருக்கண்ணை. எனக்கும் சித்திக்கும் தவிர ஒருத்தருக்கும் சொல்லேல்லை.” அவன் விரல்கள் தட்டுகின்றன. மாதங்கி பத்தாம் இடத்திலிருந்து முப்பதாம் இடத்துக்கு இறங்குகிறாள். பக்கத்தில் ‘முழங்காலில் சந்தேகம்’ என்று ஒரு வரி ஏறுகிறது.

“அதை எடுத்துவிடுங்கோ அண்ணை.”

“ஏன், பொய்யோ?”

அவள் தேநீர்க் கோப்பையைத் தன் பக்கம் இழுக்கிறாள். அவன் பட்டியலை இணையத்தில் ஏற்றிவிட்டுக் கை கழுவ எழுந்து போகிறான். தேநீர் ஆறுவதற்குள் துஷ்யாவின் கைபேசி அதிர்கிறது. மாதங்கி அழுதபடி அனுப்பிய குரற்செய்தி. “அக்கா, அம்மாதான் ஆருக்கோ சொல்லிப்போட்டா. நான் இனி அவவோட கதைக்க மாட்டன்.” துஷ்யா ‘அம்மா இல்லை’ என்று எழுதுகிறாள். அடுத்து எழுதவேண்டியது ‘நான்’ என்ற ஒரு சொல். விரல் அதற்கு மேல் நகர மறுக்கிறது.